உனக்குப் பின்னால் யார்?

என் தம்பி இல்போ மொய்லானன் வென்றவை இவை. பள்ளிக்கூடச் சறுக்குப் போட்டியில் கடைசியாக வருபவனுக்குக் கொடுக்கும் மரக்கரண்டி, ஆறு குளிர்காலம் விடாமல். இடது காலின் ஐந்து விரல்களில் மூன்று. ஐந்தையுமே எடுத்துவிடலாம் என்றுதான் வைத்தியர் முதலில் சொன்னார். கெம்ப்பைனன் பூட்ஸ் பட்டறையில் அடுப்புக்கு ரொம்பத் தள்ளி, ஜன்னலோரமாக ஒரு முக்காலி. முன்னால் மடங்கி, பக்கவாட்டில் மடங்காத ஒரு ஜோடி பூட்ஸ். எங்கள் ஊர் தேவாலயத் தடத்தில் கடைசிக்கு முந்தின இடம்.

கோப்பை என்று ஒன்றும் கிடையாது. வெள்ளித் தட்டு வைத்திருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களில் யாரும் இல்போ வென்றதில் பாதியை வென்றதில்லை என்பது என் எண்ணம். அவனுக்கு மூன்று வயது மூத்தவள் நான். பிறந்த நாளிலிருந்து அவனைப் பார்த்து வருகிறேன்.

தேவாலயத் தடம் என்பது மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்த கையோடு ஆண்கள் காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு கிளம்புவது. காட்டு வழியாக நாற்பது கிலோமீட்டர். கடைசியில் உறைந்து கிடக்கும் ஹிர்வி ஏரியைக் குறுக்கே தாண்டினால் அக்கரையில் ஒரு மரக் குடிசை. அங்கே பெண்கள் பட்டாணி சூப்பும் காபியும் வைத்திருப்போம். வந்து சேர்ந்தவன் குடிசைச் சுவரில் தச்சன் பென்சிலால் தன் பெயரையும் தேதியையும் எழுதலாம். அதற்கு இரண்டே விதி. ஜன்னலில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் வாசலில் நிற்பவர் கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உனக்குப் பின்னால் யார் என்பதுதான் கேள்வி. பெயர் சொன்னால் அந்த ஆளுக்காகக் காத்திருப்பார்கள். யாருமில்லை என்று சொன்னால் ஏரிப்பக்கத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு வைப்பார்கள். கடைசியாக வந்தவன் வாய்ச்சொல்தான் முடிவு.

எங்கள் ஊரில் பாங்கிலும் பதிவு அலுவலகத்திலும் போடுவதை யாரும் கையெழுத்து என்று சொல்வதில்லை. கையெழுத்து என்றால் அந்தச் சுவர்தான். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவனைக்கூட, "சுவரில் இருக்கியா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் அப்பா ஆர்வி மொய்லானன் மரம் வெட்டுகிறவர். உலகப் போர்ச் சண்டையின்போது எல்லைக் காட்டில் பலகைமேல் நின்று சுட்டவர். அந்தச் சுவரில் அவர் பெயர் முப்பத்தொரு இடத்தில் இருக்கிறது.

இல்போ 1951இல் பிறந்தான். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஊலு நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் மாவுக்கட்டுப் போட்டு ஒருவாறு நேராக்கினார்கள். ஆனால் கணுக்கால் மட்டும் நிற்கவில்லை, காலை ஊன்றினால் ஒரு பக்கமாக விழும். அதற்காகப் பூட்ஸின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து, முழங்காலுக்குக் கீழே தோல்வாரால் கட்டி அனுப்பினார்கள். அதோடுதான் எட்டு வயதுவரை நடந்தான். இரும்போடு பலகை கட்ட முடியாது. அவனுக்கு ஒன்பது வயது நெருங்கிய குளிர்காலத்தில் அப்பா அதைக் கழற்றினார்.

"இரும்பு போட்டுக் கட்டுறது மாட்டுக்கு. என் வீட்டுல மாடு நாலு இருக்கு, போதும்" என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்பா அந்த இரும்புகளை மாட்டுக்கொட்டகையில், கயிறு மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டார். அது அங்கேயே இருபத்தைந்து வருஷம் தொங்கியது.

ஒன்பது வயதுப் பையன்கள் ஏரிக்கரையில் காத்திருந்து, தங்கள் அப்பா வந்ததும் பின்னால் சேர்ந்துகொண்டு ஏரியைத் தாண்டுவது வழக்கம். 1960 மார்ச்சில் இல்போவும் கரையில் நின்றான். நான் அன்று குடிசைக்கு விறகு சுமக்கப் போயிருந்தேன்.

அந்தக் காலத்துப் பூட்டுக்கு எலிப்பொறி என்று பெயர். பூட்ஸின் முன்னால் வாத்தின் அலகுபோல ஓர் உதடு நீண்டிருக்கும், அதில் மூன்று துளை. பலகையில் மூன்று முள். துளையை முள்ளில் வைத்து மேலே கம்பியை அழுத்தினால் பொறி கவ்விக்கொள்ளும். குதிகாலுக்குக் கட்டு கிடையாது. நேர் தடத்தில் நேராகப் போகிறவனுக்கு அது போதும். இல்போவின் கால் ஒவ்வொரு எட்டுக்கும் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு விழுந்தது. ஒவ்வொரு முறுக்குக்கும் முள் துளையைக் கொஞ்சம் அகலமாக்கியது. ஏரியின் பாதியில் உதடு கிழிந்து பூட்ஸ் பலகையை விட்டு வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா திரும்பிப் பார்த்தார் என்றும், பார்த்துவிட்டுப் போனார் என்றும் இல்போ சொன்னான்.

வாசலில் நின்றவர் பென்ட்டி கெம்ப்பைனன். பட்டறையும் குடிசைச் சாவியும் அவர் குடும்பத்துடையவை. அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும்.

"உனக்குப் பின்னால யாரு, ஆர்வி?"

"யாருமில்ல" என்றார் அப்பா.

நான் விறகைக் கீழே போட்டேன். "இல்போ இருக்கான்பா" என்றேன்.

"சறுக்கிட்டு வர்றவனைத்தான் கேக்குறாங்க. அது தவழ்ந்துகிட்டு வருது."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "தவழ்ந்து வந்தாலும் சுவர்ல இடம் இருக்கு, தரைப்பக்கமா எழுதிக்கட்டும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அப்பா பென்சிலை வாங்கி நிதானமாக எழுதினார். பென்ட்டி என்னைப் பார்த்தார், தன் காபியைக் குடித்து முடித்தார், பிறகு குதிரைச் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் போனார். இல்போவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன், பனி புகுந்து நனைந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் காலைத் தொப்பிக்குள் நுழைத்து வைத்திருந்தான். இரண்டு விரல் போயிற்று. மீதி மூன்றிலும், கணுக்காலுக்கு மேல்வரையும் உணர்ச்சி போயிற்று.

அன்றிலிருந்து அவன் சட்டைப்பையில் ஒரு சுருள் இரும்புக் கம்பி இல்லாமல் வெளியே போனதில்லை. பொறி உடைந்தால் பூட்ஸைப் பலகையோடு சுற்றிக் கட்டிக்கொள்ள எல்லாருமே கம்பி வைத்திருப்பார்கள். அப்பா மட்டும் வைத்துக்கொள்ளமாட்டார். "கம்பி எடுத்துக்கிட்டு வர்றவன், உடையட்டும்னு வேண்டிக்கிட்டு வர்றவன்" என்பார்.

பதினைந்து வயதில் இல்போவைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். காட்டு வேலைக்கு ஆகாதவன் வேறு எங்கே போவான்? அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண். தைத்த பூட்ஸின் உள்நாக்கில் அந்த எண்ணை அச்சுக் குத்த வேண்டும். வெளிப்பக்கம் முதலாளி பெயர் இருக்கும். இல்போவுக்கு எண் நான்கு. எல்லாரும் அவனை நாலு என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு என்று கூப்பிட மறந்த நாட்களில் நொண்டி.

ஒரு தடவை அவனுடைய இடது பூட்ஸுக்குள் யாரோ ஆணி போட்டுவிட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை, மாலைவரை அதோடு நடந்தான். மரத்தரையில் அவன் போன இடமெல்லாம் சின்னச் சின்ன சிவப்புப் பொட்டு. அவர்கள் அதை எண்ணிப் பந்தயம் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோதுதான் நான் பார்த்தேன்.

"யாருடா போட்டது?"

"யாரோ. நல்ல ஆணிக்கா, பித்தளை. வச்சுக்கிட்டேன்" என்றான்.

இப்படியே வருஷங்கள் போயின. அவன் மெழுகு தேய்த்த நூல்போல நெகிழாமல் இருந்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் நான் குடிசைக்குக் காபி வைக்கப் போவேன், இல்போ போகமாட்டான். சுவரில் புதிதாக யார் என்று மட்டும் கேட்பான். நான் பெயர்களைச் சொல்வேன். ஒரு தடவை, "எவ்வளவு இடம் மிச்சம் இருக்கு?" என்று கேட்டான். அவனுக்கு அந்த ஆசை இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது வயது தாண்டியிருந்தான். ஒன்பது வயதுக்கப்புறம் ஏரிக்குள் காலே வைக்காதவன்.

1985ஆம் வருஷக் குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் உலகப் போட்டியைப் பார்த்துவிட்டு ஊர் இளைஞர்களுக்குப் பித்துப் பிடித்தது. தடத்தில் நேராகப் போகிற பழைய முறையை விட்டுவிட்டு, பலகைகளை முன்னால் விரித்து, ஐஸ்மேல் கத்தி கட்டிச் சறுக்குகிறவர்கள் மாதிரி இந்தப் பக்கம் ஓர் உதை, அந்தப் பக்கம் ஓர் உதை என்று போக ஆரம்பித்தார்கள். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். அப்பா அதைப் பார்த்துக் காறித் துப்பினார். "வாத்துக்குப் பலகை கட்டிவிட்ட மாதிரி" என்றார்.

குளிர்காலத்துக்கு விறகு குவிவதுபோல அந்த மாதம் பட்டறை வாசலில் கிழிந்த பூட்ஸுகள் குவிந்தன. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே விதமாகக் கிழிந்தவை. பக்கவாட்டில் உதைத்தால் கணுக்கால் உள்ளே விழுகிறது, பூட்ஸ் முறுக்குகிறது, எலிப்பொறி உதட்டைத் தின்கிறது. ஒரு நொண்டிப் பையனுக்கு 1960இல் நடந்தது அந்தக் குளிர்காலத்தில் ஊரிலுள்ள நல்ல கால்களுக்கெல்லாம் நடந்தது.

பென்ட்டி ஒரு பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். "நாலு, இங்க வா. இந்தக் கிழிசல் உனக்குப் பழக்கமான கிழிசல்தானே?"

"ஆமா முதலாளி."

"தடிச்ச தோல் போட்டா நிக்குமா?"

"நிக்காது. தோல் நின்னா முள்ளு பிடுங்கிக்கும். கணுக்கால் விழுறதை நிறுத்தணும்."

பின்னாலிருந்து ஒருவன், "கேட்டுக்கங்கடா, இனிமே நொண்டிதான் நமக்கு நடக்கக் கத்துக்கொடுக்கப் போறான்" என்றான்.

"உனக்கு இல்ல. நீ இருக்கிற கனத்துக்கு ஐஸே தாங்காது" என்றான் இல்போ. பட்டறையில் அவன் திருப்பிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பென்ட்டியே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அன்று மாலை மாட்டுக்கொட்டகை ஆணியிலிருந்து இரும்புகளை எடுத்தான். துரு பிடித்திருந்தது. அப்பா பால் கேனோடு உள்ளே வந்தார்.

"மாட்டுக்கு இனிமே எதைக் கட்டுறது?"

"மாடு ஒழுங்காத்தான் நடக்குதுப்பா" என்றான் இல்போ.

முதல் ஜோடி பூட்ஸுக்கு அவன் அந்தச் சின்ன வயது இரும்பையே காய்ச்சி வளைத்தான். கணுக்காலைச் சுற்றி ஒரு பட்டை. அந்தப் பட்டை பூட்ஸோடு சேர்கிற இடத்தில், கணுக்கால் எலும்புக்கு நேராக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகாணி. கதவுக்குக் கீல் மாதிரி. முழங்காலை மடக்கி முன்னால் சாயலாம், பக்கவாட்டில் அசையாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. திருகாணியை விரலகலம் மேலே வைத்துவிட்டான். ஒவ்வொரு மடக்குக்கும் பட்டை சதையை அரைத்தது. அவனுக்கு அது தெரியாது, அந்தக் கால்தான் மரத்த கால் ஆயிற்றே. காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டதை நான் வெந்நீர் ஊற்றி உரித்தேன். உரிக்கும்போது அவன் என் கையைப் பார்க்கவில்லை, புண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தான்.

பிறகு அடிப்பாகம். பழைய பூட்ஸின் அடி, பிழியலாம் போலத் துவளும். அதற்குள் மெல்லிய பிர்ச் மரத் தகட்டை ஒட்டி முறுக்காமல் செய்தான். முன்னுதட்டை வெட்டி எறிந்தான். அதற்குப் பதிலாக நுனியில் குறுக்கே ஓர் இரும்புக் குச்சி. பலகைமேல் இருக்கிற கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். கொக்கிக்குப் பின்னால் பலகையின் நெடுக ஒரு வரப்பு, பூட்ஸ் அடியில் அதற்குப் பொருந்துகிற பள்ளம். குதிகால் இறங்கும்போது பள்ளம் வரப்பில் உட்காரும். பாதம் அப்படி இப்படி வழுக்காது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. காலைத் தூக்கினால் பலகை மூக்குக் குத்தித் தொங்கியது, அடுத்த உதைக்குள் அது காலோடு வந்து சேரவில்லை. அந்த வாரம் என் கறவை இயந்திரத்தின் ரப்பர் குழாய் ஒன்று காணாமல் போயிற்று.

"டேய் இல்போ, காம்பு ரப்பரை எடுத்தியா?"

"ஒண்ணுதான்கா."

"மாட்டுக்கு நாலு காம்புடா."

"எனக்கும் ரெண்டு கால் இருக்கே. இன்னொண்ணும் வேணும்."

கொக்கிக்கு முன்னால் அந்த ரப்பர்த் துண்டை வைத்தான். கால் மடங்கும்போது ரப்பர் நசுங்கும், தூக்கும்போது பலகையைத் தள்ளிக் காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். வீட்டுக்குள் அழகாக வேலை செய்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரிக் குளிரில் வெளியே கொண்டுபோனதும் எலும்பு மாதிரி இறுகி, இரண்டாவது உதையில் தெறித்துவிட்டது. மூக்கால் விழுந்தான். அதற்கப்புறம் என்னென்னவோ ரப்பரை வெட்டிப் பனிக்குள் புதைத்து வைத்துக் காலையில் வளைத்துப் பார்த்தான். கடைசியில் பழைய டிராக்டர் டியூப் நின்றது. நான்கு மடிப்பாக ஒட்டி வைத்தான்.

பென்ட்டி அதைப்போலப் பத்துப் பன்னிரண்டு ஜோடி விற்றார். வெளியே கெம்ப்பைனன், உள்ளே நான்கு. அதற்குள் பெரிய கம்பெனிகளின் பிளாஸ்டிக் பட்டை வைத்த பூட்ஸுகள் கடைகளுக்கு வந்துவிட்டன. அவர்களும் அதே சமயத்தில் அதையேதான் யோசித்திருக்கிறார்கள். அவனுடைய பூட்ஸ் அதோடு நின்றுபோயிற்று. அவனுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. அவன் தனக்கென்று ஒரு ஜோடி செய்துகொண்டிருந்தான்.

1986 மார்ச்சில் தேவாலயத் தடத்தில் இரண்டு முறையிலும் போகலாம் என்று முடிவாயிற்று. இளைஞர்கள் தடத்தை அகலமாக மிதித்து வைத்தார்கள். முந்தின சனிக்கிழமை சவுனாவுக்குப் பிறகு அப்பா பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இல்போ எதிரே உட்கார்ந்து அப்பாவின் பூட்ஸைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

"துளை தேஞ்சிருக்குப்பா. வலது கால்ல. ஏரி தாண்டாது."

"முப்பத்தோரு தடவை தாண்டியிருக்கு."

"இந்தத் துளை இல்ல, அது வேற பூட்ஸ்."

"நாளைக்கு நீ வர்றியாமே."

"வர்றேன்."

"சூப் ஆறிப்போறதுக்குள்ள வந்துடு. இல்லேன்னா உங்கக்கா உனக்காக விளக்கைக் கையால மறைச்சுக்கிட்டு நிப்பா." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மரக்கரண்டி ஒண்ணு எடுத்துட்டுப் போ, மைரே. ஏழாவது."

மறுநாள் மூத்தவர்கள் முதலில் கிளம்பினார்கள், அது வழக்கம். வயது குறையக் குறைய ஒவ்வொருவராக விடுவார்கள். அப்பா முதல் கூட்டத்தில். இல்போ வெகு நேரம் கழித்து. அவனுக்குப் பின்னால் கிளம்பிய பிள்ளைகள் எல்லாரும் அவனை முந்திக்கொண்டு குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். பென்ட்டி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டார். கடைசியாக வந்தவன், "இல்போ. அவனுக்கு முன்னால ஆர்வி போய்க்கிட்டிருந்தார், அவரையும் தாண்டித்தான் வந்தேன்" என்றான். அதன் பிறகு யாரும் வரவில்லை. சூரியன் ஊசியிலை மரங்களுக்குள் இறங்கியது. காற்று ஏரியிலிருந்து கதவைத் தட்டியது. பென்ட்டி விளக்குச் சிம்னியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நடு ஏரியில் நடந்ததை இல்போ எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். அவன் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

அப்பா ஒற்றைப் பலகையில் நின்றுகொண்டிருந்தார். மற்றப் பலகை பக்கத்தில் கிடந்தது. வலது பூட்ஸின் உதடு துளையோடு கிழிந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பூட்ஸ் கயிற்றை உருவி முடிச்சுப் போட முயன்றிருக்கிறார், விரல் வெளுத்திருந்தது. இல்போ அவர் எதிரில் நின்றான்.

"கிழிஞ்சிருச்சா?"

"தெரியுதுல்ல."

"வலதுதானே?"

"கம்பி இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்கு" என்றான் இல்போ.

அப்பா கையை நீட்டினார். இல்போ இரண்டு கைக்கோலையும் ஊன்றிக் கிளம்பினான்.

பின்னாலிருந்து அவர் ஏதோ கத்தினாராம். என்ன என்று கேட்டேன். "காத்துல கேக்கலக்கா. திரும்பிப் பாத்தா பலகை கோணும்" என்றான்.

குடிசை ஜன்னலில் இருந்து பார்த்தபோது தூரத்திலேயே எனக்கு அவன் உதை தெரிந்துவிட்டது. வலது உதை நீளம், இடது உதை கொஞ்சம் குட்டை. ஆனால் இடது கால் விழவில்லை. நான் ஏரி தீரும்வரை அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட விழவில்லை. பென்ட்டி தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டு, உரசாமல் வாசலுக்கு வந்தார்.

"உனக்குப் பின்னால யாரு?"

எங்கள் வீடு ஏரிக்கு அந்தக் கரையில்தான் இருக்கிறது. களைத்துப்போன கிழவர்கள் கரையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவது உண்டு. இல்போ யாருமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆர்வி வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்துக் கதவைத் தாழ் போட்டிருப்பார்கள். அந்த வார்த்தை அப்பாவுடையது. அந்த வாசலிலேயே சொன்னது. நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன்.

இல்போ தொப்பியைக் கழற்றினான். புருவமெல்லாம் பனி.

"ஆர்வி மொய்லானன்" என்றான்.

"எங்க இருக்காரு?"

"ஏரியில. வழிக்கு நட்ட குச்சியில ரெண்டாவதுக்கு இந்தப் பக்கம். வலது பூட்ஸ் உதடு போச்சு. கையுறை இல்லாம நிக்கிறாரு."

"கம்பி இல்லையா?"

"அவர்கிட்ட இல்ல."

"உன்கிட்ட?"

இல்போ சட்டைப்பையிலிருந்து சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தான். "இருந்துச்சு. கேட்டாரு. குடுக்கல."

சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டார்கள். ஒரு கிழவர், "பெத்தவன்டா அவன்" என்றார். இன்னொருவன், "இவனுக்குப் பென்சிலைக் குடுக்காதீங்க பென்ட்டி" என்றான். வேறு சிலரும் ஆமாம் என்றார்கள்.

பென்ட்டி கம்பிச் சுருளைப் பார்த்தார். பிறகு, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தார். இந்தத் தடவை காபி குடிக்கவில்லை.

"இந்த வாசல்ல கேள்வி ஒண்ணுதான்" என்றார். "அதுக்கு ஒழுங்கா பதில் சொன்னவன் இவன். சொல்லாதவங்க பேரு சுவர்ல இருக்கு."

ஆணியில் தொங்கிய பென்சிலை எடுத்து இல்போவின் கையில் வைத்துவிட்டு, கம்பியையும் எடுத்துக்கொண்டு, பனி ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனார்.

அப்பாவை உயிரோடு கொண்டுவந்தார்கள். வலது கையில் மூன்று விரல்களின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. கோடாரி பிடிக்க முடிந்தது, பென்சில் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். அந்த நாளைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை, பனி உருகிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் இடது கையால் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டார்.

"அந்தக் கம்பி என்ன கனம்?"

"ஒன்றரை மில்லி" என்றான் இல்போ.

"பத்தாது. ரெண்டு இருக்கணும்."

"சரிப்பா."

ஊரில் பாதிப் பேர் இல்போவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பட்டறையில் நொண்டி என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள், ஆணியும் போடவில்லை. அவன் பக்கத்தில் உட்காரவும் இல்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவன் பின்னால் இருந்தவன் பெயரைச் சொன்னான், நின்ற இடத்தைச் சொன்னான், தான் செய்ததையும் சேர்த்துச் சொன்னான். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்ன முதல் ஆண்பிள்ளை அவன்.

அன்று ஸ்கூட்டர் சத்தம் ஏரிக்குள் மறைந்தது. இல்போ பட்டை வைத்த பூட்ஸோடு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிய, சுவரோரமாக நடந்து தேடினான். காலி இடம் எத்தனையோ இருந்தது, அதில் எல்லாம் அவன் நிற்கவில்லை. 1960 மார்ச் 13 என்று அப்பா எழுதிய வரியைக் கண்டுபிடித்தான். அதற்கு நேர் கீழே, தரைப்பக்கமாக, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். பட்டை முன்னால் மடங்கிக் கொடுத்தது. நான் விளக்கை ஏற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பென்சிலை நாக்கில் நனைத்து அழுத்தி எழுதினான்.

இல்போ மொய்லானன், 1986 மார்ச் 9.